லெங்காவ் குன்றில் கல்லறை இல்லை

கோப்பு என் மேசைக்கு வந்த அன்று நான் பகல் சாப்பாட்டுக்குக்கூட எழுந்து போகவில்லை. உள்ளே ஒரு வரைபடமும் நாலு பக்க விண்ணப்பமும் இருந்தன. டிக்வாலே ஊருக்கு மேற்கே, லெங்காவ் குன்றின் அடிவாரத்தில் சரளைக் குவாரி. விண்ணப்பதாரர் பெயர் மொகாபி செகோப்பி. குவாரி வந்தால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் மனிதருக்கும் என்ன கேடு வரும் என்று பார்த்து எழுதித் தரும்படி எங்கள் நிறுவனத்தைக் கேட்டிருந்தார்கள். வரைபடத்தில் குவாரியின் எல்லையைச் சிவப்புக் கோட்டால் போட்டிருந்தது. அந்தக் கோட்டுக்குள், தென்கிழக்கு மூலையில், குட்டிக் குட்டியாக ஐந்து வட்டங்கள். பக்கத்தில் 'பாழடைந்த குடிசைகள்' என்று எழுதியிருந்தது.

அந்த ஐந்தில் ஒன்றில் நான் மூன்று வருஷம் குடித்தனம் செய்திருக்கிறேன். மொகாபி என் புருஷனாக இருந்தவன்.

இப்போது நான் இருக்கும் தலைநகர் காபரோனியில் இது யாருக்கும் தெரியாது. நான் அப்பாவின் குடும்பப் பெயருக்குத் திரும்பி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. முதலாளிக்கு நான் மொசிடி, ஆறு மாவட்டங்களில் குவாரியும் சாலையும் பார்த்து எழுதியவள், அவ்வளவுதான். விண்ணப்பத்தோடு ஒரு படிவம் வரும். விண்ணப்பதாரருக்கும் மதிப்பீட்டாளருக்கும் உறவோ முன்விரோதமோ உண்டா என்று அதில் கேட்டிருக்கும். 'இல்லை' என்ற கட்டத்தில் கோடு போட்டேன். உறவு இல்லை என்பது உண்மை. பகையைப் பற்றித்தான் பொய் சொன்னேன்.

அந்தக் குடிசையை விட்டு வந்தபோது எனக்கு வயது இருபத்திரண்டு. முதல் பிள்ளை ஏழாம் மாதத்திலேயே வந்துவிட்டது. இரண்டாவது மாதம் நிறைந்து வந்தது. இரண்டும் அழவில்லை. எங்கள் பக்கத்தில் மூச்சில்லாமல் பிறந்த பிள்ளையை ஊர் இடுகாட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். ஆண்கள் கிட்டே வரமாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள். வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் குடிசைக்குள்ளேயே குளிர்ந்த மண் பார்த்துத் தோண்டிப் புதைத்து, தண்ணீர் ஊற்றி, மேலே சாணி மெழுகிவிடுவார்கள். அந்த மண்ணில் வெயில் படக்கூடாது. பட்டால் மழை நின்றுபோகும் என்பது எங்கள் ஜனங்களின் பயம். பெற்றவளுக்குக்கூட இடத்தைக் காட்டமாட்டார்கள். நான் அடுத்த குடிசையில் பாயில் கிடந்தேன். மண் வெட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. வெட்டியவள் என் நாத்தனார் பசாடி. கூட இருந்த மருத்துவச்சி போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது.

இரண்டாவது பிள்ளை போன மூன்றாம் மாதம் மொகாபி என்னைக் கோட்லாவில் நிறுத்தினான். கோட்லா என்றால் எங்கள் ஊர்ச்சபை; மரத்தடியில் அரைவட்டமாக நாற்காலி போட்டு ஆண்கள் உட்கார, பெண்கள் ஒரு பக்கம் தரையில் கால் நீட்டி உட்காரும் இடம். என் அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "மூணு வருஷமா பாத்துட்டேன். இவகிட்டேருந்து எனக்குன்னு ஒண்ணும் வரல. ஒண்ணுமே வரல," என்றான் மொகாபி. யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் பலர் சிரித்தார்கள். பெண்கள் பக்கத்தில் பசாடி உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை, வாயைத் திறக்கவும் இல்லை. மறுநாள் என் போர்வைகளை மடித்துக் கழுதை வண்டியில் ஏற்றியவளும் அவள்தான்.

எனக்கு என்ன வேண்டும் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எந்தச் சபையில் நின்று ஒன்றுமே வரவில்லை என்றானோ அதே சபையில் நின்று, அந்த இரண்டும் தன்னுடையவை என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். அந்தக் குவாரி நாசமாகப் போக வேண்டும். புல்டோசர் முதலில் இறங்கப்போவது அந்தத் தென்கிழக்கு மூலையில்தான். லாரிக்கு வேறு வழி கிடையாது, குன்றின் மற்ற மூன்று பக்கமும் கரும்பாறை.

எட்டு நாள் டிக்வாலேயில் தங்கி வேலை செய்தேன். பேன்ட் போட்டுக்கொண்டு அரசாங்கக் கோப்போடு திரிந்த என்னை ஊரில் யாரும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஒரு குன்றில் குற்றம் கண்டுபிடிக்க நான் அவ்வளவு பாடுபட்டதே இல்லை. தண்ணீரைப் பார்த்தேன், ஊர் ஆழ்துளைக் கிணற்றில் நீர் எழுபது மீட்டருக்குக் கீழே இருக்கிறது, சரளை நாலே மீட்டர்தான், ஒன்றுக்கு ஒன்று ஒட்டும் இல்லை உறவும் இல்லை. காற்றைப் பார்த்தேன்; எட்டு நாளும் ஊர்ப் பக்கமிருந்து குன்றுப் பக்கம் வீசியது, தூசி ஊருக்குள் வரவே வராது. மரம் பார்த்தேன், எல்லாம் முள்மரம். பழம் தரும் பெரிய மருலா மரங்கள் இரண்டு இருந்தன, அவையும் ஒழுங்காகச் சிவப்புக் கோட்டுக்கு வெளியே நின்றன. ஒரு நாள் புதருக்குள் ஏதோ அசைந்தது என்று மூச்சிரைக்க ஓடிப்போய்ப் படம் எடுத்தேன். எல்லா ஊரிலும் திரிகிற ஆமை. அதுவும் என்னைப் பார்த்துத் தலையை இழுத்துக்கொண்டது.

நல்லதும் இருந்தது, அதுதான் கொடுமை. டிக்வாலேக்கு வரும் சாலை வெறும் மணல். மழைக்காலத்தில் ஆம்புலன்ஸ் பாதியில் புதைந்து நிற்கும். சரளை போட்டால் ஊர் பிழைக்கும். ஒரு சாயங்காலம், வேறொரு மாவட்டத்தில் நான் எடுத்த கழுகுக் கூட்டின் படத்தை வரைவில் ஒட்டி, லெங்காவ் குன்று என்று கீழே எழுதினேன். அருகிப்போன கழுகு, ஒரு கூடு போதும், குவாரிக்குச் சாவுமணி. காலையில் எடுத்துவிட்டேன். நேர்மையால் எடுக்கவில்லை. வேறொருவன் வந்து மரத்தை நிமிர்ந்து பார்த்தால் அந்தப் பொய் உடைந்துவிடும், மொகாபி அதற்கும் சிரிப்பான். உடையாத ஒன்று எனக்கு வேண்டியிருந்தது.

உடையாதது ஒன்று இருந்தது. எங்கள் வேலையில் 'கல்லறைகள்' என்று ஒரு தலைப்பு உண்டு. என்னோடு வேலை செய்யும் ஆண்கள் எல்லாரும் அதை ஒரே மாதிரிதான் முடிப்பார்கள். கோட்லாவுக்குப் போவார்கள், இந்த இடத்தில் யாரையாவது புதைத்திருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்பார்கள், ஆண்கள் எழுந்து இல்லை என்று மரியாதையாகச் சொல்வார்கள். அறிக்கையில் 'கல்லறை இல்லை' என்று ஏறிவிடும். யாரும் பொய் சொல்வதில்லை. ஆண்களுக்குத் தெரியாது, தெரிந்த பெண்கள் ஆண்கள் முன்னால் அதைப் பேசமாட்டார்கள். நாடு முழுக்க எத்தனை சாலைக்கு அடியில் எத்தனை பிள்ளைகள் கிடக்கின்றனவோ.

ஏழாம் நாள் மொகாபியே குன்றுக்கு வந்தான். வெள்ளை வண்டி, பெரிய தொப்பி, அதைவிடப் பெரிய தொப்பை. அந்த எட்டு நாளில் அவன் முகத்தை நான் அன்றுதான் நேருக்கு நேர் பார்த்தேன். வண்டியை விட்டு இறங்காமலே பேசினான்.

"என்ன மொசிடி, குருவி எண்ணுறியா? உன்னைப் படிக்க வச்சதே நான்தான், தெரியுமா? அன்னிக்கு நான் அனுப்பலேன்னா இன்னும் இங்க சாணிதான் மெழுகிக்கிட்டு இருந்திருப்ப."

உத்தியோகத்துக்காக நான் அவனுக்கு 'நீங்க' போட்டேன். லாரி ஒரு நாளைக்கு எத்தனை நடை, டீசலை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். ஒழுங்காகத்தான் பதில் சொன்னான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினான். நான் 'இல்லை' என்று கோடு போட்ட படிவத்தின் நகல். விண்ணப்பதாரருக்கும் ஒன்று போகும் என்பது எனக்குத் தெரியாததல்ல.

"நல்லா எழுது. உன் வேலை உனக்கு, என் குவாரி எனக்கு. கோணலா எழுதினியோ, இவ என் பழைய பொண்டாட்டி, வயித்தெரிச்சல்ல எழுதறான்னு உங்க முதலாளிக்கு ஒரு போன். உன் வேலையும் போகும், நீ எழுதினதும் குப்பைக்குப் போகும். வேற ஆள் வருவான், ஆம்பளையா வருவான்."

அவன் சொன்னது அத்தனையும் சரி. என் பெயரில் வரும் எந்த எதிர்ப்பும் அவனுடைய ஒரு போனில் செத்துப்போகும். நான் படிவத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, கடைசிக் கேள்வியைக் கேட்டேன். இந்த எல்லைக்குள் உங்கள் குடும்பத்துக் கல்லறை ஏதாவது உண்டா என்றேன். பழைய குடிசைகள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். தாத்தா பாட்டி எல்லாரும் ஊர் இடுகாட்டில் இருக்கிறார்கள், இங்கே கரையான் புற்றைத் தவிர வேறொன்றும் இல்லை என்றான். அதற்கான தாளில் கையெழுத்தும் போட்டான்.

நான் அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு நிஜமாகவே நினைவில்லை. மறைத்திருந்தால்கூட ஒருவேளை எனக்கு ஆறியிருக்கும். நினைவே இல்லை என்பதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

அவன் போன பிறகு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து யோசித்தேன். நான் இவன் பழைய மனைவி என்பதை இவன் ஆபீசில் சொன்னால் நான் செத்தேன். சபையில் சொன்னால் இவன் செத்தான். எப்படி என்றால், புதைத்த இடம் என்று தெரிந்துவிட்டால் செத்தவர்களின் சொந்தக்காரர் சம்மதிக்காமல் அங்கே ஒரு மண்வெட்டி படக்கூடாது. மதிப்பீட்டாளர் எழுதுவதை முதலாளி அடித்துப் போடலாம், அமைச்சகம் அடித்துப் போடலாம். தாய் மாட்டேன் என்று சொல்வதை அடித்துப் போட ஆளில்லை. நான் அந்தப் பிள்ளைகளின் தாய் என்று நானே போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? நான் அவன் மனைவி என்பதை ஊர் முன்னால் அவனே முதலில் சொல்ல வேண்டும். அதற்கு அவனைக் குத்திக் கிளப்ப வேண்டும்.

இன்னொன்றும் வேண்டும். பசாடியின் வாய்.

அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அறுபதைத் தாண்டியிருந்தாள், கை மட்டும் அப்படியே இருந்தது, ஆண்பிள்ளைக் கை. என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. புளித்த பால் ஊற்றிக் கொடுத்தாள். ஊர்க்கதை பேசினாள். அவள் மகன் குவாரியில் லாரி ஓட்டப்போகிறானாம், தம்பி வாக்குக் கொடுத்திருக்கிறானாம். நான் பால் குடித்து முடித்துவிட்டுப் பேச்சை எடுத்தேன்.

"மதினி, புல்டோசர் அந்த மூலையிலதான் இறங்குது."

"தெரியும்."

"உங்க கையால வச்சது."

அவள் கீரையைக் கீழே வைத்தாள். "அது வாயில வர்ற பேச்சில்ல, மொசிடி. எங்கம்மா என்கிட்ட சொன்னதில்ல, நான் என் மககிட்ட சொன்னதில்ல. நீ படிச்சிட்டு வந்து என்னை ஆம்பளைங்க நடுவுல நிக்கச் சொல்றியா?"

அன்றைக்கும் இப்படித்தானே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் கேட்டேன். அவள் என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வெளியே வரவில்லை. நான் எழுந்து வந்தேன். அவளைத் திட்டிக்கொண்டே நடந்தேன், அத்தனை கெட்ட வார்த்தை எனக்குத் தெரியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை கோட்லா கூடியது. நான் பேன்ட்டைக் கழற்றிவிட்டுப் பாவாடை கட்டி, தலைத்துணி கட்டி, தோளில் சால்வை போர்த்திப் போனேன். அது இல்லாமல் பெண்ணை அங்கே பேசவிட மாட்டார்கள். அதே மரம். நாற்காலிகளில் பாதிப்பேர் புதிது, பாதிப்பேர் அன்றைக்குச் சிரித்தவர்கள். தலைவர் லெட்சோலோ அப்போது தன் அப்பாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தவர், இப்போது நடுநாற்காலியில் இருந்தார். மொகாபி முன்வரிசையில் காலை அகட்டி உட்கார்ந்திருந்தான். பசாடி பெண்கள் கூட்டத்தில், கடைசியில், முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தாள்.

நான் உள்ளதை உள்ளபடி படித்தேன். தண்ணீருக்குக் கேடில்லை, தூசி ஊருக்கு வராது, மரத்துக்கும் விலங்குக்கும் பெரிய சேதமில்லை, சாலைக்கு நன்மை உண்டு. மொகாபியின் முகம் மலர்ந்துகொண்டே போனது. ஆண்கள் தலையாட்டினார்கள். கல்லறை உண்டா என்று கேட்டேன். மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக எழுந்து இல்லை என்றார்கள்.

"அப்படின்னா இன்னும் ஒண்ணே ஒண்ணு எழுதிக்கறேன், தலைவரே," என்றேன். "அந்தப் பழைய குடிசைங்க இருக்கற இடத்துல மெஷின் இறங்கறதுக்கு முன்னாடி, கையால தோண்டிப் பாக்கணும். ஊர்ப் பொம்பளைங்க மட்டும் நின்னு பாக்கணும். அவங்க சரின்னு சொன்ன பிறகுதான் குவாரி."

கூட்டம் சலசலத்தது. எதற்கு என்று தலைவர் கேட்டார். அங்கே ஒரு குடும்பம் வாழ்ந்திருக்கிறது, பெண்கள் பிள்ளை பெற்றிருக்கிறார்கள், ஆண்களுக்குத் தெரியாதது அங்கே இருக்கலாம் என்றேன். சொல்லிவிட்டு மொகாபியைப் பார்த்துச் சிரித்தேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பை அவனுக்கே திருப்பிக் கொடுத்தேன்.

அது போதுமாக இருந்தது. அவன் எழுந்தான். போன் எல்லாம் அவனுக்கு மறந்துபோனது. ஊர் முன்னால் ஒரு பெண் தன்னைப் பார்த்துச் சிரிப்பதை அவனால் தாங்க முடியாது என்பது மூன்று வருஷக் குடித்தனத்தில் நான் கற்றுக்கொண்ட பாடம்.

"தலைவரே, இவ பேசறதைக் கேக்காதீங்க. இவ என் பொண்டாட்டியா இருந்தவ. மறந்துட்டீங்களா? இதே இடத்துலதான் நான் இவளை அனுப்பினேன். படிவத்துல உறவே இல்லேன்னு பொய் எழுதிட்டு வந்து பழி வாங்கப் பாக்கறா." படிவத்தின் நகலைத் தூக்கிக் காட்டினான்.

தலைவர் என்னைப் பார்த்தார். உண்மையா என்று கேட்டார். உண்மை என்றேன். படிவத்தில் பொய் எழுதினேன், இந்த நிமிஷத்திலிருந்து நான் மதிப்பீட்டாளர் இல்லை, நான் படித்ததையும் நீங்கள் ஏற்கத் தேவையில்லை என்று சொல்லி, கோப்பை அவர் காலடியில் வைத்தேன். பதினெட்டு வருஷ உத்தியோகம் அது. பிறகு பெண்கள் பக்கம் போய்த் தரையில் கால் நீட்டி உட்கார்ந்தேன். பசாடிக்கு இரண்டு பேர் தள்ளித்தான் இடம் கிடைத்தது. மொகாபி தொப்பியைச் சரிசெய்துகொண்டு உட்காரப் போனான்.

உட்காரவிடவில்லை. தரையில் இருந்தபடியே தலைவரிடம் பேச அனுமதி கேட்டேன். இனி நான் அரசாங்கத்து ஆள் இல்லை, இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அதை நான் சொல்லவில்லை, மொகாபிதான் இப்போது சொன்னார். என்னைத் தன் மனைவி என்று சொன்னவர், எனக்குப் பிறந்தவர்கள் எங்கே என்பதையும் சொல்லட்டும் என்றேன்.

"பிறந்தவங்களா?" மொகாபி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தான். "அன்னிக்குச் சொன்னதுதான் இன்னிக்கும். இவகிட்டேருந்து ஒண்ணும் வரல. சந்தேகமா இருந்தா எங்க அக்காவைக் கேளுங்க. அவதான் வீட்டுல கூடவே இருந்தா. அக்கா, எந்திரிச்சுச் சொல்லு."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. என் கணக்கில் பசாடி அழுத்தமாக உட்கார்ந்திருப்பாள், நான் தனியாகக் கத்திவிட்டுத் தோற்றாலும் தோற்பேன் என்றுதான் இருந்தேன். அவன் தானாகவே அவளை இழுத்தான். தனக்காக அவள் பொய் சொல்வாள் என்பதில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. இல்லை, அது பொய் என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

பசாடி எழுந்திருக்க நேரமானது. பக்கத்தில் இருந்தவளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஆண்கள் பக்கம் பார்க்கவில்லை. தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ரெண்டு. ரெண்டும் பையன்தான். நான்தான் குழி வெட்டினேன், நான்தான் தண்ணி ஊத்தினேன். ரெண்டாவது முழுசா இருந்தான். உன் காது அவனுக்கு. மடல் ஒட்டின காது." கைகளைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள். "ஒண்ணும் வரலேன்னு நீ சொன்ன அன்னிக்கும் நான் இங்கதான் இருந்தேன். நான் வெட்டின மண்ணைப் போட்டே என் வாயையும் அடைச்சுக்கிட்டேன். இன்னொரு தடவை என்னால முடியாது, தம்பி."

ஒரு கிழவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். எந்தக் குடிசை, எந்த இடம் என்று கேட்டார். அதை ஆம்பிளைகள் முன்னால் சொல்லமாட்டேன், கொன்றாலும் சொல்லமாட்டேன் என்றாள் பசாடி. அதற்குள் ஆண்கள் பக்கம் வேறு பேச்சு எழுந்துவிட்டது. மெஷின் இறங்கியிருந்தால் அந்த மண் புரண்டு வெயிலில் கிடந்திருக்கும், மழை என்ன ஆகியிருக்கும் என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் இரண்டு வருஷமாக விதைத்ததெல்லாம் கருகிப்போனதைச் சொன்னார். மொகாபிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்து எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்வானேன்.

தலைவர் கையைத் தூக்கி எல்லாரையும் அடக்கினார். புதைத்த இடத்தைத் தொட வேண்டுமானால் தகப்பனையும் தாயையும் கேட்க வேண்டும் என்றார். தாய் யார் என்று தெரிந்துவிட்டது. பிறகு மொகாபியைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தகப்பன் யாரு?"

மொகாபி நின்றுகொண்டிருந்தான். இல்லை என்றால், அந்த மண்ணின் மேல் அவனுக்கு ஒரு பேச்சும் இல்லை; நான் ஒருத்தி சொல்வதுதான் சட்டம். தன்னுடையது என்றால், இருபத்தொரு வருஷப் பேச்சை இத்தனை பேர் முன்னால் விழுங்க வேண்டும். அக்காவைப் பார்த்தான். அவள் உட்கார்ந்துவிட்டிருந்தாள். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"என்னோடதுதான்," என்றான்.

காதில் விழவில்லை என்றார் ஒரு கிழவர். மொகாபி இன்னொரு தடவை சொன்னான். இந்த முறை கடைசி வரிசைவரை கேட்டது. இடுகாட்டுக்கு மாற்றிக்கொள்ளத் தனக்குச் சம்மதம் என்றும் அவசரமாகச் சேர்த்துக்கொண்டான். தலைவர் என் பக்கம் திரும்பினார். நான் எழுந்து நின்றேன். எனக்குச் சம்மதமில்லை, என் பிள்ளைகள் மேல் ஒரு மண்வெட்டி படக்கூடாது என்றேன். சபை முடியும்போது எங்கள் ஊரில் எல்லாரும் மழை என்று பொருள்படும் 'புலா' என்ற சொல்லை உரக்கச் சொல்லிக் கலைவார்கள். அன்றைக்கு அந்தச் சத்தத்தில் மரத்திலிருந்த புறாவெல்லாம் பறந்துபோனது.

நான் சந்தோஷப்பட்டேன். வெட்கமில்லாமல், வயிறு நிறையச் சந்தோஷப்பட்டேன்.

விலை இருந்தது. முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பினார், இனி என் கையெழுத்தை எந்த அறிக்கையிலும் யாரும் வாங்கமாட்டார்கள். லெங்காவ் குவாரி செத்தது. வேறு சரளை நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால்தான் இருக்கிறது, டிக்வாலே சாலை இன்னும் மணல்தான். ஆம்புலன்ஸ் புதைந்து நிற்கும் போதெல்லாம் ஊர்ப் பெண்கள் என்னைத் திட்டுகிறார்களாம். திட்டட்டும். பசாடியின் மகனுக்கு லாரி வேலை கிடைக்கவில்லை. அதற்காக மட்டும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு, வா என்று தலையை ஆட்டினாள். இரண்டு பேரும் பழைய குடிசைகளுக்குப் போனோம். ஆண்கள் யாரும் இல்லை. அவள் குனிந்து இரண்டு இடத்தில் கை வைத்துக் காட்டினாள். நான் கொண்டுபோன தண்ணீரை ஊற்றினேன். அழுதேன், அதை எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

பசாடி முன்னால் நடந்து போய்விட்டாள். நான் வண்டிப் பக்கம் வந்தபோது மொகாபி அங்கே நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியாது. இடிந்த மண்சுவருக்கு அந்தப் பக்கம் நின்றான், உள்ளே வரவில்லை. குவாரியைப் பற்றிப் பேசவந்திருக்கிறான் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவன் குவாரியைப் பற்றிப் பேசவில்லை.

"மொசிடி, எந்த இடம்னு மட்டும் சொல்லு. அக்கா சொல்லமாட்டேங்கறா. நான் ஒண்ணும் பண்ணமாட்டேன். சும்மா தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்."

குரல் அவன் குரல் மாதிரியே இல்லை. தலையில் தொப்பி இல்லை, அந்த ஒட்டின காது மடல்கள் தெரிந்தன. நான் அப்போதுதான் அவற்றைச் சரியாகப் பார்த்தேன். ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம், கையை நீட்டிக் காட்டினாலே போதும். சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

"ஆம்பளைங்களுக்குச் சொல்றதில்ல," என்றேன்.

அவன் தலையாட்டினான். நான் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினேன். அவன் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரைத் தாண்டி உள்ளே ஒரு காலை வைத்தான். அடுத்த காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றான். நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.